பாரிஸுக்குத் தனியாகப் போகிறேன், காதல் சமாச்சாரம் வேண்டாம். என்ன பார்க்கலாம்?

பிறை_வாணி

எல்லாருக்கும் வணக்கம். அக்டோபர் கடைசியில் ஆறு நாள் பாரிஸ் போகிறேன். தனியாக. இந்தத் 'தனியாக'வைக் கேட்டதும் வீட்டிலும் வேலையிடத்திலும் எல்லார் முகமும் ஒரே மாதிரிச் சுருங்குகிறது. அதனால் கதையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சித்தி மகளும் நானும் சேர்ந்துதான் டிக்கெட் எடுத்தோம். மலிவு டிக்கெட், காசு திரும்ப வராது. ஜூலையில் அவளுக்குப் பரிசம் போட்டார்கள். ஆகஸ்டில் வந்து, "அக்கா, பாரிஸை அவரோட போய்ப் பார்க்கலாம்னு வச்சிருக்கேன், தப்பா நெனைக்காதே" என்றாள். தீபாவளிச் சேலையை மடித்துப் பீரோவில் வைப்பதுபோல ஓர் ஊரையே எடுத்து உள்ளே வைத்துவிட்டாள். சரி, நல்லா இருக்கட்டும். எனக்கு வயது 39, கல்யாணம் ஆகவில்லை, அதைப் பற்றி இங்கே யாரும் ஆலோசனை சொல்ல வேண்டாம்.

இணையத்தில் தேடினால் வருவதெல்லாம் சூரியன் மறையும்போது ஐஃபில் கோபுரம், ஆற்றில் மெழுகுவத்தி வைத்துச் சாப்பாடு (குறைந்தது இருவர்!), பாலத்தில் காதலர்கள் மாட்டும் பூட்டு. பூட்டுப் பார்க்க அவ்வளவு தூரம் போவானேன், பினாங்கு மலையில் ஏறினால் போதும்.

நான் பினாங்குத் தீவின் பாயான் லெப்பாசில் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறேன். தினமும் பாலம் தாண்டித் தொழிற்சாலை பஸ்ஸில் போய் வருகிறவள். ஒரு பொருளை எப்படிச் செய்கிறார்கள், ஓர் ஊருக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, குப்பை எங்கே போகிறது, இதெல்லாம்தான் எனக்குப் பிடிக்கும். ஓவியக்கூடம் ஒரு மணி நேரம் தாங்கும், அதற்கு மேல் கண் சொக்கிவிடும். நன்றாக நடப்பேன். வெள்ளிக்கிழமை சைவம். தங்குவது கார் து லெஸ்ட் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில்.

ஜோடிகள் வராத இடமாகச் சொல்லுங்கள். வந்தாலும் கைகோத்துக்கொள்ள முடியாத இடமாக இருந்தால் இன்னும் நல்லது.

கிள்ளான்_காளை

பாரிஸுக்குப் போய்க் குப்பை பார்க்கிற முதல் ஆள் நீங்கள்தான் அக்கா. அந்த ஆற்றுப் படகில் ஒருதடவை ஏறிப் பாருங்கள், சாப்பாடு இல்லாத படகும் இருக்கிறது, ஒரு மணி நேரம்தான். தனியாகப் போனால் சன்னல் பக்கம் யாரும் பங்குக்கு வர மாட்டார்கள் லா.

பிறை_வாணி

தம்பி, நான் தினமும் கடலைத் தாண்டித்தான் வேலைக்குப் போகிறேன். தண்ணீர் பார்த்தது போதும்.

செந்தூல்_சுமதி

வாணி, நான் இரண்டு தடவை தனியாகப் போயிருக்கிறேன். முதலில் பிழைக்கிற வழியைச் சொல்கிறேன், ஊர் பார்ப்பதை மற்றவர்கள் சொல்லட்டும்.

நமக்கு விசா வேண்டாம், மலேசியக் கடப்பிதழுக்கு 90 நாள் வரை விட்டுவிடுவார்கள். ரயில், பஸ்ஸுக்கு வார அட்டை இருக்கிறது. ஆனால் அந்த 'வாரம்' திங்களில் தொடங்கி ஞாயிறில் முடிந்துவிடும், நீங்கள் எந்தக் கிழமை வாங்கினாலும் சரி. புதன்கிழமை போய் இறங்குகிறவருக்கு அது லாபமா என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

கடைக்குள் காலை வைத்ததும் 'போன்ஜூர்' சொல்லிவிடுங்கள். சொல்லாமல் நேராக விலை கேட்டால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். கோப்பியைக் கல்லா மேடையோரம் நின்று குடித்தால் ஒரு விலை, மேசையில் உட்கார்ந்து குடித்தால் அதைவிடக் கூட. தனி ஆளுக்கு நின்று குடிப்பதுதான் வசதி, எதிர் நாற்காலி காலியாக இருக்கிறதே என்று பரிதாபப்பட யாரும் இருக்க மாட்டார்கள்.

தெருவோரத்தில் சாம்பல் நிறக் கழிப்பறைகள் நிற்கும், இலவசம். ஒருவர் வெளியே வந்ததும் கதவு சாத்திக்கொண்டு உள்ளே தானே கழுவிக்கொள்ளும். அவர் வெளியே வரும்போது கதவைப் பிடித்துக்கொண்டு நல்லபிள்ளையாக உள்ளே நுழைந்துவிடாதீர்கள். கழுவல் உங்களுக்கும் சேர்த்து நடக்கும். எனக்கு யாரும் சொல்லவில்லை. காலணி காய ஒரு நாள் ஆனது.

மொன்மார்த்ர் குன்றில் வெள்ளைத் தேவாலயத்துக்கு ஏறும் படிக்கட்டில் கையில் நூல் கட்ட வருவார்கள். கோயிலில் கயிறு கட்டிக்கொள்கிற பழக்கத்தில் நம் கை தானாக நீளும். நீட்டாதீர்கள். கட்டி முடித்தபிறகு காசு வாங்காமல் விடமாட்டார்கள்.

வெள்ளிக்கிழமைக்குக் கவலையே வேண்டாம். நீங்கள் தங்குமிடத்திலிருந்து வடக்கே நடந்தால் கார் து நோர், அதையும் தாண்டினால் லா ஷப்பெல். அங்கே உள்ள நம் ஆட்கள் எழுதுவது 'லாச்சப்பல்'. யாழ்ப்பாணத்துக்காரர்கள் கடைபோட்ட தெரு. முருங்கைக்காய், நகைக்கடை, புடவைக்கடை, சாப்பாட்டுக்கடை எல்லாவற்றுக்கும் தமிழில்தான் பலகை. "எந்த ஊர்ப் பிள்ளை?" என்று கேட்பார்கள், மலேசியா என்றால் ஒரு நிமிஷம் நின்று பேசுவார்கள். பக்கத்திலேயே மாணிக்க விநாயகர் ஆலயம் இருக்கிறது, 1985இல் தொடங்கியது. ஆகஸ்ட் கடைசியையொட்டித் தேர் இழுப்பார்கள், நடுத்தெருவில் தேங்காய் உடையும். நம் பினாங்குத் தைப்பூசத்தில் குவிகிற அளவுக்கு இல்லை, ஆனால் பாரிஸ் போலீஸ் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும் என்பதுதான் விசேஷம். நீங்கள் போகும்போது அது முடிந்திருக்கும்.

ஒருவேளைச் சாப்பாட்டுக்கு ஷார்த்தியே போங்கள், 1896இலிருந்து நடக்கும் உணவகம். கூட்டம் அதிகமென்றால் தெரியாத ஆளோடு ஒரே மேசையில் உட்கார வைத்துவிடுவார்கள். தனியாகப் போனதற்காக அங்கே யாரும் உங்களைத் தனியாக விடமாட்டார்கள்.

உங்கள் குப்பை ஆசைக்கு ஓர் இடம் எனக்கும் தெரியும்: சாக்கடை அருங்காட்சியகம். ஆல்மா பாலத்தடியில், உண்மையான சாக்கடைக்குள்ளேயே. 1867 உலகக் கண்காட்சியின்போதே மக்களைக் கூட்டிப் போய்க் காட்டத் தொடங்கிவிட்டார்கள். திங்கள் விடுமுறை.

பூட்டுப் பாலம் இப்போது கிடையாது. 2014இல் கைப்பிடிக் கம்பியில் ஒரு பகுதி பாரம் தாங்காமல் பெயர்ந்து விழுந்தது. அடுத்த வருஷம் நகராட்சி எல்லாவற்றையும் கழற்றியது, ஏறத்தாழ 45 டன் பூட்டு. உங்கள் சித்தி மகளிடம் சொல்லிவையுங்கள்.

மாவுக்கட்டு

வாணிம்மா, உன் கேள்வியைப் பார்த்துவிட்டு இரண்டு நாளாக எழுதலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். என் பாரிஸ் யாருக்கும் பிடிக்காது என்பது என் மனைவியின் தீர்ப்பு. உனக்குப் பிடிக்கும்போலத் தோன்றுகிறது.

நான் இங்கே ஓர் அரசு மருத்துவமனையில் மருத்துவ உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். தோட்டத்துப் பழைய ஆட்கள் டிரஸர் என்பார்களே, அந்த வேலை. அதில் இருபது வருஷத்துக்கு மேல் எலும்புமுறிவுப் பிரிவில், கட்டுப்போடும் அறையில். பாரிஸ் என்ற சொல்லை நாங்கள் தினம் நாற்பது தடவை சொல்வோம். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ். மோட்டார் சைக்கிளில் விழுந்தவன், ரம்புத்தான் மரத்திலிருந்து விழுந்த பையன், குளியலறையில் வழுக்கிய பாட்டி, எல்லாருக்கும் அதே மாவுதான். துணிச்சுருளை வாளித் தண்ணீரில் சாய்த்து முக்க வேண்டும். குமிழி வருவது அடங்கியதும் எடுத்து இரண்டு முனையையும் பிடித்து மெதுவாகப் பிழிய வேண்டும், முறுக்கக் கூடாது, முறுக்கினால் மாவு வாளியோடு போய்விடும். சுற்றி, உள்ளங்கையால் தடவிக்கொண்டே இருந்தால் சில நிமிஷத்தில் இறுகும். இறுகும்போது சூடாகும். பிள்ளைகள் "சுடுது டாக்டர்" என்று அழும். நான் டாக்டர் இல்லை, ஆனாலும் அந்த நேரத்தில் திருத்திக்கொண்டிருக்க முடியாது.

ஏன் சுடுகிறது? ஜிப்சம் என்ற கல்லைச் சூளையில் வாட்டி அதில் இருக்கிற தண்ணீரில் முக்கால் பங்கை விரட்டித்தான் மாவாக்குகிறார்கள். நாம் தண்ணீர் ஊற்றியதும் அது இழந்ததைத் திரும்ப வாங்கிக்கொண்டு பழையபடி கல்லாகிறது. அடுப்பில் தின்ற சூட்டை நம் கையில் கக்குகிறது. இதை எலும்புக்குப் பயன்படும் கட்டுத்துணியாக்கியவர் மாத்தைசன் என்ற டச்சுப் பட்டாளத்து மருத்துவர், 1850களின் தொடக்கத்தில். கல் மட்டும் பாரிஸ் கல். அந்தக் கல் இருந்த இடத்தை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று வேலையில் இருந்தபோதே எண்ணம்.

2023இல் போனேன், 63 வயதில், தனியாக. "மாவு பார்க்கவா பாரிஸுக்குப் போறீங்க?" என்று கேட்டுவிட்டு என் மனைவி சுங்கை பட்டாணியில் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். இருவருக்கும் நல்ல விடுமுறை.

முதல் நாள் பிளாஸ் பிளான்ஷ் என்ற சதுக்கம். சிவப்புக் காற்றாலை வைத்த மூலான் ரூஜ் நடனக் கூடம் அங்கேதான் இருக்கிறது. எல்லாரும் அதைப் பார்த்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு ரயில் நிலையத்துப் பெயர்ப்பலகையைப் படம் எடுத்தேன். பிளான்ஷ் என்றால் வெள்ளை. குன்றிலிருந்து மாவு ஏற்றிய வண்டிகள் இந்த வழியாக இறங்கி இறங்கித் தரையெல்லாம் வெளுத்துக் கிடந்ததால் வந்த பெயர் என்கிறார்கள். எங்கள் கட்டுப்போடும் அறையின் தரையைப் பார்த்தவருக்கு இதை நம்புவதில் கஷ்டமே இல்லை. ஒரு ஜோடி வந்து தங்களைப் படம் எடுத்துத் தரச் சொன்னது. எடுத்தேன். காற்றாலை முழுசாக வந்தது, மாப்பிள்ளைக்குப் பாதித் தலைதான் வந்தது.

அங்கிருந்து மேலே மொன்மார்த்ர். ஓவியர்கள், பாட்டு, முத்தம், எல்லாம் மேலே. அடியில் குடைந்து குடைந்து ஜிப்சம் எடுத்த பொந்துகள். உச்சியில் வெள்ளைத் தேவாலயம் இருக்கிறதே, சாக்ரே கேர், அதை வெறும் மண்ணில் நிறுத்த முடியவில்லை. 83 கிணறு வெட்டி, ஒவ்வொன்றும் முப்பது மீட்டருக்கு மேல் ஆழம், கல்லால் நிரப்பித் தூணாக்கி அதன்மேல் உட்கார வைத்திருக்கிறார்கள். எனக்கு அது தொடை எலும்பில் 83 ஆணி அடித்து நிமிர்த்திய நோயாளியாகத்தான் தெரிந்தது. இறங்கும்போது அபெஸ் நிலையத்தில் ரயில் பிடி. 36 மீட்டர் ஆழம். பாரிஸ் நகர எல்லைக்குள் அதிக ஆழத்தில் இருக்கும் மெட்ரோ நிலையம் அதுதான், குன்றின் அடி பொத்தலாக இருந்ததால் அவ்வளவு கீழே போக வேண்டியிருந்தது. மின்தூக்கி உண்டு, ஆனால் உனக்குக் கால் நன்றாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறாய். சுழல் படியில் இறங்கு.

அடுத்த நாள் பியூட் ஷோமோன் பூங்கா. இதை யாராவது காதலர் பூங்கா என்று உன்னிடம் சொல்லியிருப்பார்கள். ஏரி, செங்குத்துப் பாறை, உச்சியில் குட்டிக் கோயில், அருவி, புல்தரையில் வரிசையாக ஜோடிகள். போ, பயப்படாதே. 1867இல் திறப்பதற்கு முன்னால் அது ஜிப்சம் குழி. கல் எடுத்து ஓய்ந்தபின் ஊரின் மலமும் செத்த குதிரையும் வந்து விழுந்த இடம். அதற்கும் முந்தைய நூற்றாண்டுகளில் அருகிலேயே அரசரின் தூக்குமேடை. அருவி இயற்கை இல்லை, தண்ணீரை ஏற்றி விடுகிறார்கள். குகைக்குள் தொங்குகிற கல்விழுதெல்லாம் சிமெண்ட். தட்டிப் பார்த்தேன். பக்கத்தில் ஒரு பெண் அதைப் பார்த்து எவ்வளவு அழகு என்று உருகிக்கொண்டிருந்தாள், நான் வாயைத் திறக்கவில்லை.

எலும்புச் சுரங்கத்தை எல்லாரும் சொல்லியிருப்பார்கள், கத்தகோம்ப். ஊருக்கு வடக்கே ஜிப்சம் என்றால் தெற்கே சுண்ணாம்புக் கல், அதையும் குடைந்துவிட்டார்கள். 1774இல் ஒரு தெருவே உள்ளே இறங்கியது. மூன்று வருஷம் கழித்துச் சுரங்கங்களைக் கண்காணிக்க அரசர் ஓர் இலாகா வைத்தார், அது இன்றைக்கும் வேலை செய்கிறது. பிறகுதான், 1780களில், கல்லறைகள் நிரம்பி வழிந்ததால் எலும்பைக் கொண்டுவந்து இங்கே அடுக்க ஆரம்பித்தார்கள். இரவில், கறுப்புத் துணி போர்த்திய வண்டியில், பாதிரியார் முன்னே நடக்க. அறுபது லட்சம் பேருக்கு மேல் என்கிறார்கள். 131 படி இறங்கி 112 படி ஏற வேண்டும், உள்ளே 14 பாகைக் குளிர், வழி நெடுகக் குறுகல். இருவர் கைகோத்து நடக்க முடியாது, உன் நிபந்தனைக்குச் சரியாக இருக்கும். சீட்டு ஒரு வாரத்துக்கு முன்னால்தான் இணையத்தில் விடுவார்கள். பழுதுபார்க்க மூடுவதும் உண்டு, பார்த்துக்கொள்.

மற்றவர்கள் மண்டையோட்டைத்தான் பார்ப்பார்கள். நான் தொடை எலும்பைப் பார்த்தேன். நம் ஊரில் விறகு அடுக்குவதுபோல அடுக்கி, முட்டிப் பக்கம் வெளியே தெரிகிற மாதிரி வைத்திருக்கிறார்கள். முட்டி என்றால் எனக்கு ஆளைப் பார்த்த மாதிரி. பெரும்பாலும் சொரசொரப்பாக, மண் நிறத்தில். ஓரிடத்தில் என் மார்பு உயரத்தில் ஒன்று மட்டும் ஒரு பக்கம் பளபளவென்று இருந்தது, தேய்த்துக் கழுவிய மங்குமாதிரி. குருத்தெலும்பு தேய்ந்துபோய் எலும்பும் எலும்பும் உரசினால் அப்படித்தான் வரும். அந்த மனிதர், ஆணோ பெண்ணோ, படி ஏறும்போதெல்லாம் கையைத் தொடையில் ஊன்றித்தான் ஏறியிருப்பார். இருநூறு வருஷத்துக்கு மேல் ஆகியும் வலி எந்தப் பக்கம் என்று சொல்ல முடிகிறது. நான் அங்கேயே நின்றேன். மனைவி வந்திருந்தால் "வாங்க, குளிருது" என்று இழுத்துக்கொண்டு போயிருப்பாள்.

இன்னும் ஓர் இடம் சொல்லவேண்டும், அது கொஞ்சம் வேறு மாதிரி. நோத்ர் தாம் கோயிலுக்குப் பின்னால் தீவின் முனையில் ஒரு சின்னத் தோட்டம். 1864இலிருந்து அங்கே பிணவறை இருந்தது. ஆற்றில் கிடைத்த உடல்களைக் கண்ணாடிக்குப் பின்னால் சாய்த்து வைத்திருப்பார்கள், அடையாளம் காட்ட யார் வேண்டுமானாலும் உள்ளே வரலாம். அடையாளம் காட்டவா வந்தார்கள்? குடும்பம் குடும்பமாக வேடிக்கை பார்க்க வந்தார்கள், வெளிநாட்டுப் பயணிகளும்தான். 1907இல்தான் பொதுமக்களுக்கு மூடினார்கள். நீ முதல் ஆள் இல்லை வாணிம்மா, காதல் இல்லாத சுற்றுலா அந்த ஊரில் பழசு.

முதலுதவி வகுப்பில் ஊதிப் பழகுகிற பொம்மையை உன் தொழிற்சாலையிலும் பார்த்திருப்பாய், ஆன்னி என்போமே. அந்த முகம் பாரிஸ் முகம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் செய்ன் ஆற்றில் மூழ்கிய பெயர் தெரியாத பெண்ணின் முகத்தைப் பிணவறையில் அச்சு எடுத்ததாகக் கதை. எதில் அச்சு எடுத்திருப்பார்கள்? நம் மாவுதான். அந்த முகமூடியைப் பல வீடுகளில் சுவரில் மாட்டி வைத்தார்கள், கவிஞர்கள் உருகினார்கள். 1960 வாக்கில் நார்வேயில் பொம்மை செய்கிற லேர்டால் என்பவர் அந்த முகத்தையே பயிற்சிப் பொம்மைக்கு வைத்தார். மூழ்கிய கதையை நான் நம்பவில்லை. தண்ணீரில் கிடந்த உடலை வேலையில் பார்த்திருக்கிறேன், முகம் அப்படிச் சிரித்தபடி வழுவழுவென்று இருக்காது. உயிரோடு இருந்த பெண்ணாகத்தான் இருக்க வேண்டும். ஆனாலும் அந்த வாயில் நூற்றுக்கணக்கான தாதியருக்கு ஊதக் கற்றுக்கொடுத்தவன் என்ற முறையில் போய் நின்றேன். பிணவறை இப்போது இல்லை. அந்த இடத்தில் போர்க்காலத்தில் நாஜி முகாம்களுக்கு அனுப்பப்பட்டவர்களின் நினைவிடம், 1962இல் கட்டியது. கீழே இறங்கினால் இருட்டில் இரண்டு லட்சம் கண்ணாடிமணி, ஆளுக்கு ஒன்று. அங்கே யாரும் பேசுவதில்லை.

நேரம் மிஞ்சினால் மெட்ரோ எட்டாம் தடத்தில் மேசோன் அல்ஃபோர் கால்நடைக் கல்லூரி. ஃப்ராகோனார் என்று ஒருவர், 1766இலிருந்து அங்கே உடற்கூறு கற்பித்தவர், தோலுரித்த குதிரையின்மேல் தோலுரித்த மனிதனை உட்காரவைத்துக் காயவைத்திருக்கிறார். இவருடைய உறவுச் சகோதரர்தான் ஊஞ்சலாடும் பெண்ணையும் புதருக்குள் அவளைப் பார்க்கும் காதலனையும் தீட்டிய ஓவியர். புதன், சனி, ஞாயிறு பிற்பகல் மட்டும். சாப்பிட்டுவிட்டுப் போகாதே.

சித்தி மகள் கேட்டால் இதையும் சொல்: நெஞ்சில் வைத்துக் கேட்கிற குழாய் பாரிஸில் பிறந்தது. 1816இல் நெக்கர் மருத்துவமனையில் லனெக் என்ற மருத்துவர் ஓர் இளம்பெண்ணின் மார்பில் காதை வைக்கக் கூச்சப்பட்டு, காகிதத்தைச் சுருட்டி அதன் வழியாகக் கேட்டார். அந்த ஊரிலும் கூச்சப்பட்டவர் இருந்திருக்கிறார்.

கடைசி எச்சரிக்கை. ஆசைப்பட்டு அங்கே ஓர் இரும்புக்கடையில் ஒரு கிலோ மாவு வாங்கினேன். பை கிழிந்திருந்ததால் பிளாஸ்டிக் பையில் மாற்றிக் கட்டிப் பெட்டியில் வைத்தேன். திரும்பி இறங்கிய விமான நிலையத்தில் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். வெள்ளைப் பொடி, அடையாளமில்லாத பை, தனியாக வந்த கிழவன். ஒரு கிண்ணமும் தண்ணீரும் கேட்டு, அதிகாரி முன்னால் குழைத்து, அவர் விரலை மேலே வைக்கச் சொன்னேன். "பானாஸ்" என்றார். சூடு. அப்புறம் விட்டுவிட்டார்.

பிறை_வாணி

அங்கிள், மூன்று தடவை படித்துவிட்டேன். என் நிபந்தனையெல்லாம் எழுதியபோது கொஞ்சம் கோபத்தில் எழுதினேன், இப்போது உண்மையாகவே போக ஆசை வந்துவிட்டது. ஒரு கேள்வி: சாக்கடைக்குள் நாற்றம் எப்படி? எனக்கு எதுவும் ஆகாது, ஆனால் சட்டை ஆறு நாளுக்கு நாலுதான்.

மாவுக்கட்டு

நான் அங்கே போகவில்லை. வேலையில் பார்த்தது போதும் என்று விட்டேன். நீ போய்ப் பார்த்துச் சொல்.

பிறை_வாணி

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். பத்திரமாக வந்து சேர்ந்தேன்.

சாக்கடை: பசாருக்குப் பின்பக்க லோங்காங் கால்வாய் நாற்றத்தில் பாதிகூட இல்லை, ஈரச் சாக்குமாதிரி ஒரு வாடை, பத்து நிமிஷத்தில் மூக்கு மறந்துவிடும். மேலே என்ன தெருவோ அதன் பெயர்ப்பலகை கீழேயும் சுவரில் இருக்கிறது. என்னைவிட உயரமான உருண்டை ஒன்றைப் பார்த்தேன். குழாயை அடைக்கிற மாதிரி அதை உள்ளே விட்டால் பின்னால் தேங்குகிற தண்ணீர் அதைத் தள்ளும், உருண்டையின் ஓரமாகப் பீறிடும் தண்ணீர் மணலையெல்லாம் முன்னால் அடித்துக்கொண்டு போகுமாம். மோட்டாரும் இல்லை, ஒன்றும் இல்லை. எங்கள் லைனில் இப்படி யோசிக்க ஓர் ஆள் இருந்தால் எவ்வளவோ மிச்சமாகும். அதன்முன் நாற்பது நிமிஷம் நின்றிருப்பேன். வெளியே ஏறி வந்தால் நேர் எதிரே ஆற்றோரம் ஐஃபில் கோபுரம். அதையும் ஒரு படம் எடுத்துக்கொண்டேன், அம்மாவுக்கு.

ஷார்த்தியேயில் ஒரு கிழவிக்கு எதிரே உட்கார வைத்தார்கள். அவரும் தனி. அவித்த முட்டைமேல் மஞ்சள் குழம்பு ஊற்றிய ஒன்றை மெதுவாகச் சாப்பிட்டார், ரொட்டிக் கூடையை என் பக்கம் தள்ளிவிட்டார், அவ்வளவுதான் பேச்சு. பரிமாறுகிறவர் கணக்கை மேசைமேல் விரித்த காகிதத்திலேயே எழுதினார். அவர் பக்கம் அவர் கணக்கு, என் பக்கம் என் கணக்கு, நடுவில் ஒரு கோடு. போகும்போது என் பக்கத்துக் காகிதத்தைக் கிழித்து எடுத்துக்கொண்டேன், இப்போது குளிர்ப்பெட்டியில் ஒட்டியிருக்கிறது.

எலும்புச் சுரங்கத்தில் பளபள முட்டியைத் தேடினேன் அங்கிள். பின்னால் ஒரு பள்ளிக்கூடக் கூட்டம் தள்ளிக்கொண்டே வந்தது. இரண்டு கண்டேன், ஆனால் ஒன்று வெளிச்சம் பட்டதால் பளபளத்ததா என்று சந்தேகம். தரக்கட்டுப்பாட்டில் சந்தேகம் என்றால் கணக்கில் சேர்க்க மாட்டோம், அதனால் ஒன்று.

சுமதி அக்கா, வெள்ளிக்கிழமை லாச்சப்பலில் சோறும் பருப்பும் கத்தரிக்காயும் சாப்பிட்டேன். "தனியவோ வந்தனீங்கள்?" என்று கடைக்காரம்மா கேட்டார். ஆமாம் என்றேன். "அப்ப இன்னும் கொஞ்சம் போடுறன்" என்று போட்டார்.

சித்தி மகள் படம் கேட்டாள். உருண்டையை அனுப்பினேன். இன்னும் பதில் இல்லை.

அங்கிள், அந்த ஒரு கிலோ மாவு இன்னும் இருக்கிறதா? எனக்கும் குழைத்துப் பார்க்க ஆசை.

மாவுக்கட்டு

அரைக் கிலோ இருந்தது. நான் தைப்பிங் போயிருந்த சமயம் என் மனைவி அதில் பாதியைக் குழைத்துக் குளியலறைச் சுவரில் பல்லி வருகிற ஓட்டையை அடைத்துவிட்டாள். மீதி கட்டி தட்டிப் போயிற்று. ஓட்டை மட்டும் நன்றாக அடைந்திருக்கிறது, வந்தால் காட்டுகிறேன்.